தோப்பு நாயும் வீட்டுப் பூனையும்



நாயோ பூனையோ இருக்கும் ஒரு முஸ்லிம் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், தேநீர் வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். இந்த உடுப்போடு தொழுகை கூடுமா? கேட்பவர்கள் பெரும்பாலும் குறை காண்பதற்காகக் கேட்பதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். சரியான விடை சொல்வதற்கு மார்க்கச் சட்டமும் தெரிய வேண்டும், அந்தப் பிராணியின் உடலும் தெரிய வேண்டும். முதலாவதைப் பற்றி நம் மதரஸாக்களில் ஓரளவேனும் பேசுகிறோம். குளிப்பாட்டுவது, சீவிவிடுவது, நகம் நறுக்குவது, உண்ணி எடுப்பது முதலிய இரண்டாவது வகைச் செய்திகளை அநேகமாக யாரும் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்து, எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக நடந்துவருவதை வைத்து எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் ஜெயமங்கலம். பெரியகுளத்துக்கு அருகே, வராக நதிப் பாசனத்தை நம்பி வாழும் ஊர். வடக்கே கொடைக்கானல் மலை சுவர் போல எழுந்து நிற்கும். எங்களுக்கு மாவும் தென்னையும் கலந்த ஒரு சிறு தோப்பு உண்டு. மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லையும் தேங்காய்க் களவும் புதியவை அல்ல. ஆகவே தோப்பில் ஒரு நாய் நிற்கிறது. வீட்டுக்குள் ஒரு பூனை இருக்கிறது. நாய் கோம்பை இனத்தைச் சேர்ந்தது. பூனையோ நீண்ட முடியுள்ள பாரசீக வகை. சென்னையிலிருந்து ஊர் மாறிச் சென்ற உறவினர் ஒருவர், கொண்டுபோக வழியில்லை என்று எங்கள் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது.

கோம்பை நாயைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உத்தமபாளையத்துக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் கோம்பை என்னும் ஊரின் பெயரே இனத்தின் பெயராயிற்று. செம்பழுப்பு உடல், கறுத்த முகவாய், குட்டை முடி, பன்றியை எதிர்த்து நிற்கும் துணிவு. எங்கள் தோப்புக் காவலர் அதன் முகத்தைப் பார்த்துக் கருவாயன் என்று பெயரிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையம் இடம்பெற்றது, கோம்பை இடம்பெறவில்லை. இது பெரியத்தாவுக்கு இன்றும் மனத்தாங்கல். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்திய நாயினங்களை வரிசையாகச் சொன்னபோது கோம்பையின் பெயரும் வந்தது. அதன் பிறகுதான் அவர் ஓரளவு சமாதானமானார்.

இனி மார்க்கச் செய்திக்கு வருவோம். வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்கு அன்றி நாய் வைத்திருப்பவரின் நற்செயல்களிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தோப்புக் காவல் அந்த விலக்கில் அடங்கும் என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற நபிமொழியும் உண்டு. அனுமதிக்கப்பட்ட நாய்களுக்கு இது பொருந்தாது என்று இமாம் கத்தாபியும், பொதுவாகவே பொருந்தும் என்று இமாம் நவவியும் கருதினார்கள். நாங்கள் இந்த விவாதத்துக்குள் போகவில்லை. நாய் தோப்பில் வாழ்கிறது. அதற்குக் கொட்டகை உண்டு, நிழல் உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. வீட்டு வாசற்படி அதற்கு இல்லை.

சிக்கல் குளிப்பாட்டும் நாளில்தான் தொடங்குகிறது. எங்கள் வீட்டார் இராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மருமகள் கீழக்கரைப் பெண், அவர் ஷாஃபி. ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி நாயின் எச்சில் அசுத்தமானது, ஆனால் அதன் உடல் பன்றியைப் போல மூலத்திலேயே அசுத்தமானது அன்று. ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே கடும் நஜீஸ். ஈரத்தோடு தொட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபிலோ உயிருள்ள நாய் தூய்மையானதே. பாத்திரத்தை ஏழு முறை கழுவச் சொன்னது வணக்கமாக நிறைவேற்றும் கட்டளை என்பார்கள். உலர்ந்த கை உலர்ந்த நாயைத் தொட்டால் ஷாஃபியிலும் எதுவும் ஒட்டுவதில்லை. ஆனால் உலர்ந்த கையால் ஒரு நாயை எப்படிக் குளிப்பாட்டுவது?

ஒரே சமையலறை, ஒரே கொடியில் காயும் துணி, ஒரே தொழுகைப் பாய். இப்படிப்பட்ட வீட்டில் இரு சட்டங்களையும் ஆளுக்கு ஒன்றாகக் கடைப்பிடிப்பது நடைமுறையில் இயலாது. பெரியத்தாவே ஒரு முடிவு சொன்னார்: நாய் விஷயத்தில் கண்டிப்பான வழியையே எல்லாரும் எடுத்துக்கொள்வோம், மருமகளின் தொழுகையில் ஐயம் விழக் கூடாது. இதில் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதைப் பிறகு கண்டோம். தோப்புப் பம்புசெட் அருகே ஒரு தகர டப்பாவில் சலித்த தூய செம்மண் இருக்கிறது. குளிப்பாட்டுவதற்கென்றே பழைய கைலியும் பனியனும் அங்கேயே ஆணியில் தொங்குகின்றன. வேலை முடிந்ததும் கையையும் காலையும் மண் கரைத்த நீரால் ஒரு முறையும் வெறும் நீரால் ஆறு முறையும் கழுவி, வேறு உடுப்பு மாற்றிய பின்தான் வீடு திரும்புவோம். நாய்க்கான வாளி, குவளை, தூரிகை, துண்டு எதுவும் வீட்டுப் பொருளோடு கலப்பதில்லை. மண்ணுக்குப் பதில் சோப்பு போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஷாஃபி அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், மண் வேண்டும் என்பதே வலுவான கருத்து. செம்மண் நிறைந்த தோப்பில் நின்றுகொண்டு இதற்கு மாற்றுத் தேட வேண்டிய தேவையும் எங்களுக்கு இல்லை.

குட்டை முடி நாயைச் சுத்தமாக வைப்பது கடினமன்று. மாதம் ஒரு முறை, மழைக்காலச் சேற்றில் புரண்டால் இரண்டு முறை குளிப்பாட்டுகிறோம். அதற்கு மேல் குளிப்பாட்டினால் தோலின் இயற்கை எண்ணெய் போய் வறட்சியும் அரிப்பும் வரும். நம் சோப்பும் ஷாம்பும் நாய்க்கு ஆகா. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷாம்பு இப்போது தேனியிலும் பெரியகுளத்திலும் கிடைக்கிறது. தண்ணீர் விடும் முன்பே உலர்ந்த உடலை இரப்பர்த் தூரிகையால் நன்கு தேய்த்து உதிரும் முடியை எடுத்துவிட வேண்டும். பின் கழுத்திலிருந்து தொடங்கி வால் வரை. தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைப்பது நல்லது; காதுக்குள் நீர் தங்கினால் புண் வரும். காதின் வெளிமடலை மட்டும் பஞ்சால் துடைக்கலாம். உள்ளே குச்சி விடக் கூடாது. காதில் நாற்றமோ கறுத்த மெழுகோ இருந்தால் அது மருத்துவருக்குரிய வேலை, நமக்குரியது அன்று.

உண்ணிதான் பெரும் பகை. நாய் உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிக்கியா, பபேசியா என்னும் கிருமிகளை உடலில் ஏற்றிவிடும். நாய் சோர்ந்து, காய்ச்சல் கண்டு, ஈறு வெளிறிச் சாகும். கருவாயனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கஞ்சியைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. கால்நடை மருந்தகத்தில் இரத்தம் சோதித்து, சில வாரங்கள் தொடர்ந்து மாத்திரை கொடுத்த பின்பே எழுந்து நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அது முதல் உண்ணி விஷயத்தில் காவலருக்கும் எங்களுக்கும் ஒரு வழக்கு இருந்துவந்தது. "மண்ணெண்ணெயத் தொட்டு வச்சா தானா விழுந்துரும் பாய். எங்க அய்யா காலத்துல இருந்து அப்படித்தான்" என்பார் அவர். மண்ணெண்ணெய் நாயின் தோலைப் பொசுக்கும். நக்கினால் வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் கேடு. நாங்கள் ஒரு கூர்முனை இடுக்கி வாங்கிக் கொடுத்தோம். உண்ணியின் உடலைப் பிடிக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். எடுத்ததை விரலால் நசுக்காமல் சோப்பு நீர்க் குப்பியில் போட வேண்டும். காதின் அடி, கழுத்துப்பட்டையின் கீழ், கால் விரல்களின் இடுக்கு, அக்குள் ஆகியவை அவை பதுங்கும் இடங்கள். ஆனால் நாயின் மேல் தெரிவது சிறு பங்குதான். இரத்தம் குடித்து நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே கொட்டகையின் சுவர் வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடைத்தோம். பழைய சாக்கை எரித்துவிட்டு, வாரந்தோறும் வெந்நீரில் அலசக்கூடிய விரிப்பைப் போட்டோம். மருத்துவர் தரும் மாத்திரையும் மாதக் கணக்குப்படி போகிறது. இப்போது காவலரே இடுக்கியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தம் வீட்டு ஆட்டுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார். ஆனால் மண்ணெண்ணெய் தவறு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நகம் பற்றி ஒரு வார்த்தை. தோப்பில் ஓடும் நாய்க்கு நகம் தானே தேயும். காலின் உட்புறம் தரையில் படாமல் மேலே நிற்கும் ஒற்றை நகம் மட்டும் வளைந்து சதைக்குள் குத்தும். அதைப் பார்த்து நறுக்க வேண்டும். நகத்துக்குள் இரத்தநாளம் ஓடுகிறது. வெளிர் நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கோம்பைக்கு இருப்பது போன்ற கறுத்த நகத்தில் தெரியாது. ஆகவே நுனியைச் சிறிது சிறிதாக எடுப்பதே வழி. இரத்தம் கசிந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பூனைக்கு வருவோம். இங்கே மார்க்கம் வேறு தொனியில் பேசுகிறது. அபூகதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானது அன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இந்தச் செய்தி இருக்கிறது. ஒரு மருமகளுக்கும் மாமனாருக்கும் நடந்த சமையலறைப் பேச்சு வழியாக இந்தச் சட்டம் நமக்கு வந்து சேர்ந்திருப்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனாலும் பூனையிலும் இரு மத்ஹபுகளுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. பூனை வாய் வைத்த நீரைத் தவிர வேறு நீர் இருக்கும்போது அதில் உளூ செய்வது ஹனஃபியில் இலேசான மக்ரூஹ். ஷாஃபியில் அதுவும் இல்லை. உதிர்ந்த முடியிலோ நிலை தலைகீழ். முடியில் உயிர் இல்லை, ஆதலால் அது தூய்மையானதே என்பது ஹனஃபி. உண்ணக்கூடாத பிராணியின் உடலிலிருந்து பிரிந்த முடி நஜீஸ், ஆனால் தவிர்க்க இயலாத சிறு அளவு மன்னிக்கப்படும் என்பது ஷாஃபி. ஆகவே தண்ணீர்க் குவளையைப் பார்த்து நன்னி முகம் சுளிப்பார், மருமகள் சிரிப்பார். முசல்லாவில் முடியைப் பார்த்து மருமகள் முகம் சுளிப்பார், நன்னி ஊதிவிட்டுத் தக்பீர் கட்டிவிடுவார். இரண்டுக்கும் ஒரே தீர்வு சீப்புதான். சீப்பில் வந்த முடி முசல்லாவுக்கு வராது.

பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அதன் நாக்கின் மேலுள்ள முட்கள் வெறும் சொரசொரப்பு அல்ல; அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2018இல் அவற்றின் நுனியில் குழிவு இருப்பதையும், அந்தக் குழிவு எச்சிலை உறிஞ்சி முடியின் அடிவரை கொண்டுசெல்வதையும் காட்டினார்கள். சுப்ஹானல்லாஹ்! நம் நாட்டுப் பூனைக்கு இந்த ஏற்பாடே போதும். நோய் வராத வரையில் அதைக் குளிப்பாட்டவே வேண்டியதில்லை. ஆனால் பாரசீகப் பூனையின் நீண்ட உள்முடியை அந்த நாக்கால் முழுதாகச் சீவ முடியாது. மனிதர்கள் அழகுக்காக வளர்த்தெடுத்த முடி அது. அதைச் சீவும் கடமையும் மனிதர்கள்மேல் வந்து விழுகிறது.

எங்களிடம் வந்தபோது பஞ்சுவின் வயிற்றடியிலும் அக்குளிலும் முடி சிக்காகி, கம்பளித் துண்டு போல இறுகிக் கிடந்தது. பார்க்க அழுக்குப் போலத்தான் தெரியும். ஆனால் அது நடக்கும்போதெல்லாம் தோலை இழுக்கும் வலி. அடியில் ஈரம் தங்கிப் புண்ணும் வரும். கையைக் கொண்டுபோனாலே சீறியது. கோபக்காரப் பூனை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வலிக்காரப் பூனை என்பது மருத்துவர் பார்த்த பின்பு தெரிந்தது. சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டலாமா என்று கேட்டோம். கூடவே கூடாது என்றார். பூனைத் தோல் மெலிதாகக் கூடாரம் போல மேலே எழும்பி நிற்கும். முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறதாம். அவரே மின் கத்தரியால் அந்தத் திட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தார். முழு உடலையும் மழிக்கவில்லை. கோடைக்கு நல்லது என்று சிலர் சிங்கம் போல மழித்துவிடுவதைக் காண்கிறோம். தேனி வெயிலில் வெற்றுத் தோல் சுட்டுப் புண்ணாகும். மருத்துவர் காரணம் சொன்னால் அன்றி நாங்கள் அதைச் செய்வதாக இல்லை.

இப்போது நாள்தோறும் பத்து நிமிடம். அஸருக்குப் பின், பூனை அரைத் தூக்கத்தில் இருக்கும் வேளை. அகன்ற பல் உலோகச் சீப்பால் முதலில் முதுகு, பிறகு நெருக்கமான பல் சீப்பு, கடைசியில் வயிறு. சிறு சிக்கு கண்டால் அடியில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிப்போம். பெண்பிள்ளைகளுக்குத் தலை சீவி வளர்த்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டிய கலை அன்று. பாரசீக வகையின் முகம் சப்பை, ஆதலால் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணின் ஓரத்தை ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால், கண்ணுக்கு ஒரு பஞ்சு வீதம் துடைக்கிறோம். குளியல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. வெதுவெதுப்பான நீர், அடியில் வழுக்காத துண்டு, ஷாம்பு முழுதும் போகும் வரை அலசல், பிறகு நன்றாகத் துவட்டல். முதல் சில முறை வாளி, குவளை, இரண்டு ஆள்கள், கை நிறையக் கீறல்கள். பிறகு அதுவும் பழகிற்று, நாங்களும் பழகினோம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தது. கடையில் கேட்டபோது நாய்க்கான சொட்டுமருந்தைக் கொடுத்து, அளவைக் குறைத்துப் போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். மாலையில் போட்டார்கள். இஷாவுக்குப் பின் பூனைக்கு நடுக்கம் தொடங்கிற்று, பிறகு வலிப்பு, ஃபஜ்ருக்கு முன் இறந்துபோயிற்று. அந்த வீட்டுச் சிறுமி பல நாள் பேசவில்லை. காரணம் பெர்மெத்ரின் என்னும் பொருள். நாய்களின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அளவைக் குறைப்பதால் அது பாதுகாப்பானதாக ஆகிவிடாது. தவறிப் பட்டுவிட்டால் உடனே பாத்திரம் துலக்கும் மென்மையான திரவச் சோப்பும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு கழுவி, கழுவிய கையோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உறையில் பூனைப் படம் இருக்கிறதா, பெர்மெத்ரின் என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் வேறு சிலவும் பூனைக்கு நஞ்சு. சொறிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிப் பூசுவது நம் வழக்கம். பூனை அதை நக்கித் தின்றுவிடும். பினாயில் ஊற்றித் துடைத்த ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடப் போதும். பூனையின் மேல் தடவுவது எதுவானாலும் அது பூனையின் வயிற்றுக்குள் போகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விபத்துகள் நேராமல் போகும்.

சென்ற ஆண்டு சின்னவன் முன்கையில் வட்டமாகச் செந்தடிப்பு ஒன்று எழுந்தது. படர்தாமரை. பூனையின் காதோரத்திலும் முடி உதிர்ந்த ஒரு சிறு வட்டம் இருந்தது. பூனையிலிருந்து பிள்ளைக்கு வரும் பூஞ்சைதான் இது. பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னவர்களே அதிகம். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த நபிமொழியை நினைவுபடுத்தினார் நன்னி. வீட்டில் வளர்ந்து சப்பை முகத்தோடு இருக்கும் ஒரு பிராணியைத் தெருவில் விடுவது அதற்கு வெகுதூரத்தில் இல்லை என்பது அவர் தீர்ப்பு. பிள்ளையைத் தோல் மருத்துவரிடமும் பூனையைக் கால்நடை மருத்துவரிடமும் ஒரே நாளில் காட்டினோம். இருவருக்கும் சேர்ந்தே மருந்து. பூனை சில வாரம் ஒரே அறையில் இருந்தது. விரிப்புகளை வெந்நீரில் அலசினோம். தரையில் உதிர்ந்த முடியைத் தினமும் எடுத்தோம், ஏனென்றால் பூஞ்சையின் வித்து அந்த முடியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கும் கலவைக் களிம்புகளை மட்டும் தொடவில்லை. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கியது போலக் காட்டிவிட்டுப் பூஞ்சையைப் பரப்பும்.

கர்ப்பிணிப் பெண்கள் உள்ள வீட்டுக்கு மற்றுமொரு செய்தி. பூனையின் மலத்தில் டாக்ஸோப்ளாஸ்மா என்னும் கிருமி இருக்கக்கூடும்; கருவுக்குக் கேடு செய்யும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும், ஆகவே கழிவுத் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மருமகள் கருவுற்றிருந்த மாதங்களில் அந்த வேலையை ஆண்கள் ஏற்றுக்கொண்டார்கள். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றாலும் இதே கிருமி வரும் என்பதைச் சொல்லாமல் பூனையை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது.

வெறிநோய்த் தடுப்பூசி இல்லாமல் இந்த வேலை எதையும் தொடங்கக் கூடாது. குளிப்பாட்டும் கைக்குத்தான் கடியும் கீறலும் வரும். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். நாய்க்கு மட்டுமல்ல, வீட்டைவிட்டு வெளியேறாத பூனைக்கும் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டிப் பல ஊர்களில் முகாம்கள் நடக்கும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முதல் நாள் ஊசிக்குப் பின் 3, 7, 28ஆம் நாள்களில் அடுத்தடுத்த ஊசிகள். நன்றாக இருக்கிறது என்று இடையில் நிறுத்திவிடக் கூடாது. நோய்க்குறி தோன்றிய பிறகு பிழைத்தவர் ஏறத்தாழ எவரும் இல்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவச் சொன்ன நபிமொழி வெறிநோய்க் கிருமியைப் பற்றியதே என்று சிலர் மேடையில் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கட்டளையை ஏற்பதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. நாளை அறிவியல் வேறு சொன்னால் கட்டளையை என்ன செய்வோம்?

அழகுக்காகக் காதை வெட்டுவது, வாலை நறுக்குவது, பூனையின் நகத்தை விரல் எலும்போடு பிடுங்குவது ஆகியவற்றை இப்போது பராமரிப்பு என்ற பெயரில் சேர்த்துப் பேசுகிறார்கள். பிராணியை அங்கபங்கம் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி புகாரியில் இருக்கிறது. பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு எங்கள் மனத்தில் நிற்பது முவத்தாவில் வரும் வேறொரு காட்சி. நபி (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம்முடைய மேலாடையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, குதிரை விஷயமாக இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகத் தெரிவித்தார்கள். பழந்துணியால் அல்ல, தாம் உடுத்தியிருந்த ஆடையால்.

நகம் நறுக்குவதை நாற்பது இரவுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்பது நமக்குச் சொல்லப்பட்ட வரம்பு. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். சில மாதங்களாகச் சின்னவன் தன் முறை முடிந்ததும் பூனையைத் தூக்கி வந்து அதே வரிசையின் கடைசியில் உட்கார வைக்கிறான். பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். கூரிய நுனியை மட்டும் எடுத்துவிடுகிறோம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தோம். ஜும்ஆவுக்கு எல்லாரும் சுத்தமாக வேண்டாமா என்று கேட்கிறான். பூனைக்கு ஜும்ஆ கடமை இல்லை என்று நன்னி பதில் சொல்லிவிட்டார். அவன் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.